ஆகாயக் கணக்கு

"ஒரு மணி நேரந்தான் சார்! மீனம்பாக்கத்தில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடித் திறந்தால் பெங்களூர். அங்கே கார் தயாராக நிற்கும்" என்று டெலிபோனில் சொன்னார் ஓசூர் நண்பர்.

அந்த ஊரில் நாவல் படிக்கிறவர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். பகலில் சாப்பாடு, மூன்று மணிக்குக் கூட்டம். எனக்கு வயதாகிவிட்டது, பஸ்ஸில் வந்தால் இடுப்பு நோகும் என்று அவர்களாகவே தீர்மானித்து விமான டிக்கெட்டும் வாங்கி அனுப்பிவிட்டார்கள். என் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் திருத்தித் தரும் இளைஞர் ஒருவரும் அதே கூட்டத்துக்கு வர வேண்டியிருந்தது. அவருக்கு இடுப்பு நோகாது என்பதால் பஸ்.

இருவரும் ஒரே நாளில், காலை ஐந்து மணிக்கு, அவரவர் வீட்டை விட்டுப் புறப்பட்டோம். நான் ஆறு மணிக்கு முன்பே மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். வரிசையில் நின்றேன். பெல்ட்டைக் கழற்றினேன், மாட்டினேன். மறுபடி வரிசையில் நின்றேன். ஏழரை மணிக்குப் புறப்பட்ட விமானம் எட்டரை மணிக்குச் சொன்ன சொல் தவறாமல் தேவனஹள்ளியில் கொண்டுபோய் இறக்கிற்று. விமானத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, காரில் ஏறும்போது மணி ஒன்பதே கால். பிறகுதான் பிரயாணம் ஆரம்பமாயிற்று. ஹெப்பாள் வந்தது, நின்றோம். சில்க் போர்டு வந்தது; வெகு நேரம் நின்றோம். எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி எல்லாம் கடந்து ஓசூர் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரைக்கு மேல் ஆகிவிட்டது.

வாசலிலே அந்த இளைஞர் நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டாராம். குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு, என் நாவலில் விட்டுப்போன ஒற்றெழுத்துக்களைப் பற்றி நண்பரின் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். "வாங்க சார், ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்களே" என்றார். அந்த அநுதாபத்தை என்னால் தாங்க முடியவில்லை.

விமானத்தில் வந்தவன் தோற்றான், பஸ்ஸில் வந்தவன் ஜெயித்தான் என்று சிரித்துவிட்டு விட்டுவிடலாம். நானும் அப்படித்தான் சிரித்தேன். ஆனால் கூட்டம் முடிந்த பிறகு அந்த ஊர்க்காரர்கள் சொன்ன சங்கதிகளைக் கேட்டபோது சிரிப்பு அடங்கிவிட்டது. என்னை ஏமாற்றிய அந்த 'ஒரு மணி நேரம்' என்னை மட்டும் ஏமாற்றவில்லை. ஒரு ஜில்லாவையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். பூகோள உருண்டையை எடுத்து, சென்னை விமான நிலையத்தின் மேல் ஒரு விரலையும் பெங்களூர் விமான நிலையத்தின் மேல் ஒரு விரலையும் வைத்து, நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எது மிகக் குறுகிய வழியோ அதுதான் ஆகாயத் தூரம். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே அது ஏறக்குறைய 270 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கக்கூடிய விமானத்துக்கு இது வெறும் இருபது நிமிஷ வேலை. ஆனால் விமானம் எடுத்த எடுப்பில் 800 போய்விடுவதில்லை. ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும். முறைக்குக் காத்திருக்க வேண்டும். மேலே ஏற வேண்டும். ஏறி முடித்தவுடனே இறங்க ஆரம்பிக்க வேண்டும். அதனால் கால அட்டவணையில் ஒரு மணி அல்லது அதற்குச் சற்று அதிகமாகப் போடுகிறார்கள். சக்கரத்துக்கு முன்னால் வைத்த கட்டையை எடுத்த நிமிஷத்திலிருந்து, மறுமுனையில் கட்டையை வைக்கிற நிமிஷம் வரைக்குமான கணக்கு அது.

விமானிக்கு இது சரியான கணக்கு. எண்ணெய் ஊற்றுகிறவருக்கும் சரியான கணக்கு. ஆனால் மனிதன் ஒருவன் கூட அந்தக் கட்டையின் பக்கத்தில் குடியிருக்கவில்லை. அவன் வீட்டிலிருந்து புறப்படுகிறான்; வேறொரு வீட்டுக்கோ, ஆபீஸுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ போகிறான். அவனுக்குப் பிரயாணம் என்பது வாசற்படியிலிருந்து வாசற்படி வரை. இந்தச் சின்ன உண்மையை விழுங்கிவிட்டு, 'ஒரு மணி நேரம்' என்று மார் தட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். 'அந்த ஊர் எவ்வளவு தூரம்?' என்று கேட்டால், 'மூன்று நாழிகை வழி' என்று பதில் சொன்னார்கள். நாழிகை என்பது இருபத்து நான்கு நிமிஷம். அந்த நேரத்தில் ஒரு மனிதன் நடந்து கடக்கிற தூரமே நாழிகை வழி. தூரத்தையும் காலத்தையும் ஒரே அளவாக வைத்திருந்தார்கள். கணக்குத் தெரியாததால் அப்படிச் செய்யவில்லை. நடக்கிறவனுடைய காலை மறக்காததால் அப்படிச் செய்தார்கள்.

ஓசூருக்கு வருவோம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து அந்த ஊர் மாறிவிட்டது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று ஒன்றன் பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் வந்தன. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்ற பெயர்களை அறியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. அண்மையில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் டெலிபோன் உறுப்புகள் செய்யும் பெரிய ஆலையும், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலையும் வந்திருக்கின்றன. தொழில் ஒரு பக்கம். மறுபக்கம் ரோஜா. இங்கே பூக்கிற ரோஜா கடல் கடந்து போகிறது. பிப்ரவரி 14-ஆம் தேதி எங்கோ ஒரு தேசத்து இளைஞன் தன் காதலியிடம் நீட்டுகிற பூ, நாலைந்து நாளைக்கு முன்னால் ஓசூர் மண்ணில் நின்ற பூவாக இருக்கலாம்.

இந்தப் பூவும், பொருளும், மனிதர்களும் ஆகாயத்தில் ஏறுவதற்குப் போகிற இடம் பெங்களூர். 2008-ஆம் வருஷம் மே மாதம் வரை அது எச்.ஏ.எல். விமான நிலையம், பெங்களூரின் தென்கிழக்கில், ஓசூருக்கு நாற்பது கிலோமீட்டருக்குள் இருந்தது. அந்த மே மாதத்தில் அங்கே பிரயாணிகள் விமானப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் கட்டிய புதிய நிலையத்துக்கு எல்லாவற்றையும் மாற்றினார்கள். ஓசூர் ஓரடி கூட நகரவில்லை. ஆனால் விமான நிலையம் அதற்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்விட்டது. அதுவும் எப்படிப்பட்ட எழுபத்தைந்து! ஊருக்கு வெளியே விரைந்தோடும் சாலையல்ல. பெங்களூர் மாநகரத்தின் வயிற்றுக்குள் நுழைந்து, அதன் குடல் வழியே ஊர்ந்து, தலை வழியாக வெளியேற வேண்டும்.

இன்னொரு வேடிக்கை உண்டு. ஓசூர்க்காரர் ஒருவர் மதுரைக்கு விமானத்தில் போக வேண்டுமானால் மூன்று மணி நேரம் வடக்கே போகிறார். அங்கே ஏறுகிறார். தேவனஹள்ளியிலிருந்து மதுரைக்கு நேர்கோடு போட்டுப் பாருங்கள். அது ஓசூரை ஒட்டித்தான் தெற்கே இறங்குகிறது. காலையில் தாம் பூட்டிவிட்டு வந்த வீட்டுப் பக்கமாகவே அவர் திரும்பவும் பறந்து போகிறார். இதற்குக் காசும் கொடுக்கிறார்.

'அப்படியானால் ஓசூரிலேயே ஒரு விமான நிலையம் வைப்பதுதானே?' என்று கேட்கத் தோன்றும். ஓடுபாதை கூட இருக்கிறது. பேளகொண்டப்பள்ளியில் தனியார் கம்பெனி ஒன்றுக்குச் சுமார் 7,000 அடி நீளத்தில் ஓடுபாதை உண்டு. ஆனால் பிரயாணிகள் விமானம் அங்கே வந்து போக முடியாமல் ஒரு காகிதம் குறுக்கே நிற்கிறது.

அந்தக் காகிதம் 2004-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய சர்க்காருக்கும் பெங்களூர் விமான நிலையக் கம்பெனிக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம். தேவனஹள்ளி நிலையம் திறந்த நாளிலிருந்து 25 வருஷத்துக்கு, அதைச் சுற்றி ஆகாய மார்க்கமாக 150 கிலோமீட்டருக்குள் வேறொரு சர்வதேச விமான நிலையம் வர விடக்கூடாது என்று அதிலே ஒரு ஷரத்து. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் பெயர் சொல்லி விலக்கு. நிலையம் திறந்தது 2008. ஆகவே காவல் 2033 வரைக்கும். ஓசூருக்குச் சிறிய உள்நாட்டு விமானங்களையாவது விடக்கூடாதா என்று கேட்டபோதும் டில்லியிலிருந்து இந்த ஒப்பந்தமே பதிலாக வந்தது.

ஒரு காம்பஸை எடுத்து, முள்ளைத் தேவனஹள்ளியில் ஊன்றி, 150 கிலோமீட்டருக்கு வட்டம் போடுங்கள். ஓசூர் உள்ளே. கிருஷ்ணகிரி உள்ளே. தருமபுரி உள்ளே. திருப்பத்தூர் உள்ளே. வேலூரும் சேலம் விமான நிலையமும் மயிரிழையில் தப்பி வெளியே நிற்கின்றன. இந்த வட்டத்துக்கு மாநில எல்லை தெரியாது, மலை தெரியாது, டிராபிக் தெரியாது. ஓசூரிலிருந்து தேவனஹள்ளி ஆகாய மார்க்கமாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். 'அடேயப்பா, இத்தனை பக்கத்தில் எதற்கு இன்னொன்று?' என்கிறது வட்டம். ஆகாயத்திலே ஐம்பது கிலோமீட்டர் என்பது விமானத்துக்கு ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தைத் தரையிலே மூன்று மணி நேரம் தேய்க்கிறவனைக் கேட்டு யாரும் காம்பஸை எடுக்கவில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். தனியார் பணம் போட்டு விமான நிலையம் கட்டுவது 2004-இல் இந்த நாட்டுக்குப் புதிது. கோடிக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டுகிறவன், 'நாளைக்கே பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை திறந்தால் என் கதி என்ன?' என்று கேட்பது நியாயந்தான். அவனுக்கு ஓர் உறுதிமொழி கொடுத்ததைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். நடை பழகுகிற குழந்தைக்கு நடைவண்டி வேண்டியதுதான்.

ஆனால் அந்தக் குழந்தை இப்போது எப்படி இருக்கிறது? 2024-25-ஆம் வருஷத்தில் மட்டும் 4 கோடிக்கு மேற்பட்ட பிரயாணிகள் அங்கே வந்து போயிருக்கிறார்கள். குழந்தை வளர்ந்து பயில்வானாகிவிட்டது. பயில்வான் நடைவண்டியை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நிற்பதையும், அதைத் தெருவில் யாரும் தொடக்கூடாது என்று சர்க்கார் போலீஸ் வைத்துக் காப்பதையும் என்னவென்று சொல்வது? இந்தக் கம்பெனியில் மத்திய சர்க்காரின் விமான நிலைய ஆணையத்துக்கும் கர்நாடக சர்க்காருக்கும் தலைக்கு 13 சதவீதப் பங்கு வைத்துத்தான் அதைத் தொடங்கினார்கள் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காவல்காரர்களுக்கும் கடையில் பங்கு.

'ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம், அதை மீறலாமா?' என்பார்கள். மீறச் சொல்லவில்லை. பேசிச் சரிக்கட்டலாம் அல்லவா? டில்லிக்கும் இதே போன்ற 150 கிலோமீட்டர் ஷரத்து இருந்தது. ஆனாலும் ஜேவாரில் இரண்டாவது நிலையம் கட்ட வழி கண்டார்கள். ஹைதராபாத்துக்கும் இருந்தது, வாரங்கல்லுக்கு அந்த விமான நிலையக் கம்பெனியே ஆட்சேபம் இல்லையென்று எழுதிக் கொடுத்தது. பெங்களூருக்கே இரண்டாவது நிலையம் வேண்டுமென்று கர்நாடக சர்க்கார் கனகபுரா சாலையிலும் குணிகல் சாலையிலும் இடம் காட்டி, 2025 ஏப்ரலில் மத்திய அதிகாரிகள் வந்து பார்த்துப் போனார்கள். ஆக, மனமிருந்தால் வட்டம் வளைகிறது. ஓசூர் என்றால் மட்டும் அது இரும்பு வளையமாகிவிடுகிறது.

இதுவரை படித்துவிட்டு, 'பேஷ்! நம் எழுத்தாளர் ஓசூர் விமான நிலையத்துக்குக் கொடி பிடிக்கிறார்' என்று எண்ணிய நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். எனக்கு நம் பக்கத்தார் மேலும் சண்டை உண்டு.

2024 ஜூன் 27-ஆம் தேதி சட்டசபையில் முதலமைச்சர் ஸ்டாலின் அவர்கள் ஓர் அறிவிப்புச் செய்தார். ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடிப் பேர் வந்து போகத்தக்க சர்வதேச விமான நிலையம். கைதட்டல் வானைப் பிளந்தது. அதன் பிறகு இடம் பார்க்கிற வேலை நடந்தது. பேரிகை, பாகலூர்ப் பக்கம் என்று பத்திரிகைகள் எழுதின. வானமும் காலியாக இல்லை, எச்.ஏ.எல். சோதனை விமானங்களும் எலகங்காவின் படை விமானங்களும் பறக்கிற வானம் அது. அதற்கும் அநுமதி வேண்டும். இவையெல்லாம் அதிகாரிகள் தீர்க்க வேண்டிய சிக்கல்கள். எனக்குள்ள கேள்வி வேறு. 3 கோடிப் பேர் என்று எண்ணிச் சொன்னார்களே, அந்த 2,000 ஏக்கரில் எத்தனை வீட்டு அடுப்பு எரிகிறது என்று அதே மூச்சில் எண்ணிச் சொன்னார்களா?

அன்று மாலை நண்பர் என்னைச் சூளகிரிப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். தோட்டக்காரர் பெரியவர். வீட்டிலே தெலுங்கு, சந்தையிலே கன்னடம், என்னிடம் தமிழ். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குப் பூக் கொடுக்கிறவர். அவரிடம் விமான நிலையத்தைப் பற்றிக் கேட்டேன்.

"வந்தா நல்லதுதானுங்க" என்றார். "பூவுக்கு வெயில் ஆகாது. விடிய ரெண்டு மணிக்கே வண்டி ஏத்திடறோம். பெங்களூர்ல மாட்டிக்கிச்சுன்னா அவ்வளவுதான். இங்கேயே பிளேன் வந்தா பூ பொழைச்சிடும்."

"அப்போ உங்களுக்குச் சம்மதம்?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. காலடி மண்ணை ஒரு தடவை பார்த்தார். "பூ பொழைச்சிடும் ஐயா. ஆனா பூ எங்கே பூக்கும்? இந்த நிலத்தைத்தானே எடுப்பாங்களோன்னு பேச்சு" என்றார்.

இந்த ஒரு கேள்விக்குச் சட்டசபையிலே கைதட்டியவர்கள் யாராவது பதில் சொல்லட்டும்.

நிலம் எடுப்பதற்குச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2013-இல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த சட்டம், நிலத்தை எடுப்பதற்கு முன்னால் அதனால் ஊருக்கு என்ன பாதிப்பு என்று ஆராய வேண்டும் என்கிறது. தனியார் சேர்ந்து செய்கிற காரியமானால் நிலம் இழப்பவர்களில் நூற்றுக்கு எழுபது, எண்பது பேரின் சம்மதம் வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் தமிழ்நாட்டில் தொழில் காரியங்களுக்காக நிலம் எடுக்க 1997-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. ஐகோர்ட்டு அதைச் செல்லாது என்று சொன்ன பிறகும், 2019-இல் புதுச் சட்டம் போட்டு அதற்கு உயிர் கொடுத்தார்கள். அதன் வழியே போனால் அந்த ஆராய்ச்சியும் வேண்டாம், அந்தச் சம்மதமும் வேண்டாம். ஆட்சி மாறியது, சட்டம் மாறவில்லை. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் என்று பரந்தூரில் நிலம் எடுக்கப் புறப்பட்டதும் இந்த வழியில்தான். அங்கே ஏகனாபுரத்து ஜனங்கள் 2022 முதல் மாலை தோறும் கூடி உட்கார்ந்து, 'எங்கள் ஏரியையும் வயலையும் விட்டுவிடுங்கள்' என்று கேட்டதை நாம் பத்திரிகையில் படித்தோம். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம்.

இங்கேதான் இரண்டு தரப்பாரும் ஒன்றாகிறார்கள். 150 கிலோமீட்டர் வட்டம் போட்டவர்களும் ஆகாயத்திலிருந்து பார்த்தார்கள். 2,000 ஏக்கர் சதுரம் போட்டவர்களும் ஆகாயத்திலிருந்துதான் பார்த்தார்கள். மேலேயிருந்து பார்த்தால் ஓசூர் ஒரு புள்ளி. ரோஜாத் தோட்டம் ஒரு பச்சைக் கட்டம். புள்ளிக்குப் பொழுது போவதில்லை. கட்டத்துக்குப் பசிப்பதில்லை.

'கதை எழுதுகிறவனுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும்?' என்று சிலர் கேட்பார்கள். ஒன்றும் தெரியாதுதான். ஆனால் பிரயாணம் செய்கிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆலையில் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை செய்கிறார்கள். பல ஜில்லாக்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருக்கிறார்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தால் அதில் ஒன்றரை நாள் பஸ்ஸிலே போய்விடுகிறது. அம்மாவின் மடியில் தலை வைக்க அரை நாள். அவர்களுக்காக யாராவது சட்டசபையிலே ஒரு கால அட்டவணை படித்ததுண்டா?

கிருஷ்ணகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் தனி ஜில்லாவாயிற்று. ஜில்லாத் தலைநகரத்துக்கு ரயில் கிடையாது. ஒரு காலத்திலே இருந்தது! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய ரயில் பாதை போட்டிருந்தான் வெள்ளைக்காரன். மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும் ஒன்று போட்டிருந்தான். இரண்டாவது உலக யுத்தத்தின்போது இரண்டையும் மூடிவிட்டார்கள். ஓசூருக்காவது பிற்பாடு சேலம்–பெங்களூர் அகலப் பாதை கிடைத்தது. கிருஷ்ணகிரிக்குப் போன ரயில் போனதுதான். ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை வேண்டும் என்று அந்த ஜனங்கள் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. அளப்பதும் ஆராய்வதும் நடக்கிறது. தண்டவாளம் மட்டும் வரவில்லை.

அந்தப் பாதை வந்தால் என்ன ஆகும்? ஓசூரிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அங்கிருந்து சென்னைக்கு இருநூற்றுச் சொச்சம். மணிக்கு எண்பது கிலோமீட்டர் ஓடுகிற ரயில் நான்கு மணி நேரத்திலே சென்னையில் கொண்டுபோய் விட்டுவிடும். நான் விமானத்தில் வந்த ஏழரை மணி நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடுதிப் பெண்ணும் அதில் ஏறலாம். கம்பெனி மானேஜரும் ஏறலாம். மாம்பழக் கூடையும் ஏறும்.

பெங்களூர்ப் பக்கமும் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் அந்த ஊர் மெட்ரோ ரயில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூர் இருபது கிலோமீட்டர்தான். நடுவில் இருப்பது மலையல்ல, ஆறல்ல. ஒரு மாநில எல்லை. தினமும் காலையில் அந்த எல்லையை ஆயிரம் ஆயிரமாக ஜனங்கள் கடக்கிறார்கள். அவர்களுக்கு அது எல்லையே அல்ல, வேலைக்குப் போகிற வழி. இரண்டு சர்க்கார்களுக்கு மட்டும் அது சமுத்திரமாகத் தெரிகிறது. இந்த இருபது கிலோமீட்டரைத் தாண்ட முடியாதவர்கள் 3 கோடிப் பேரை ஆகாயத்தில் ஏற்றப் போகிறார்கள்!

விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2033 அதிக தூரத்தில் இல்லை. ஒரு விமான நிலையம் கட்டி முடிக்க ஆகிற காலத்தைக் கணக்கிட்டால் இப்போதே யோசிப்பது புத்திசாலித்தனந்தான். நான் கேட்பது இரண்டே காரியங்கள்.

ஒன்று: இனிமேல் எந்தச் சர்க்காரும் 'இத்தனை ஏக்கர், இத்தனை கோடிப் பேர், இத்தனை நிமிஷம்' என்று அறிவித்தால், கூடவே ஒரு தரைக் கணக்கும் கொடுக்கட்டும். ஓசூர் பஸ் நிலையத்திலிருந்து, கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து, தேன்கனிக்கோட்டை விடுதி வாசலிலிருந்து, எந்த ஊருக்குப் போய்ச் சேர எத்தனை மணி நேரம், எத்தனை ரூபாய்? இந்தத் திட்டத்தினால் அது எவ்வளவு குறையும்? அதே பணத்தை ரயில் பாதையில் போட்டால் எவ்வளவு குறையும்? இதைச் சொல்லாத திட்டம் திட்டமல்ல, விளம்பரம்.

இரண்டு: நிலம் எடுக்க வேண்டி வந்தால், அந்தப் பெரியவரிடம் முதலில் போய்ச் சம்மதம் கேட்கட்டும். 1997-ஆம் வருஷத்துக் குறுக்கு வழியைப் பூட்டிவிட்டு, 2013-ஆம் வருஷத்துப் பெரிய வாசல் வழியாக வரட்டும். 'பூ எங்கே பூக்கும்?' என்ற கேள்விக்கு அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டுப் பிறகு கல் நடட்டும். திறப்பு விழாவுக்கு அவரை அழைப்பார்களோ இல்லையோ தெரியாது. அதற்கு முன்னாலாவது ஒரு தடவை அழைக்கட்டும்.

மறுநாள் காலை ஊருக்குத் திரும்ப வேண்டும். நண்பர் விமான டிக்கெட்டை நீட்டினார். "மன்னிக்க வேண்டும், எனக்குச் சீக்கிரம் போக வேண்டியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு அந்த இளைஞரோடு பஸ் ஏறினேன். காவேரிப்பட்டினம் போகிற ஒரு பெண் பக்கத்து ஸீட்டில் இருந்தாள். இராத்திரி ஷிப்டு முடித்து அப்படியே வருகிறாளாம். கிருஷ்ணகிரியில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். ஏறியவுடனே கண்டக்டரிடம், "கிருஷ்ணகிரி எத்தனை மணிக்குண்ணா போகும்?" என்று கேட்டாள். எத்தனை கிலோமீட்டர் என்று அவள் கேட்கவில்லை.